செம்மறியின் நஞ்சுக்கொடியில் எதிர்ப்பொருள்: குட்டியைத் தாய் ஏன் தள்ளிவிடுவதில்லை?

கரும்பலகை:
பன்னிரண்டாம் வகுப்புக்கு உயிரியல் எடுக்கிறேன். தடைகாப்புப் பாடம் நடத்தும்போது ஒரு மாணவி கேட்டாள்: "சிறுநீரகம் மாற்றி வைத்தால் உடம்பு ஏற்காமல் தள்ளுகிறது. குட்டியில் பாதி கிடாவினுடையது. அதை மட்டும் ஆடு ஐந்து மாதம் எப்படி வயிற்றில் வைத்திருக்கிறது?" அவள் வீட்டில் செம்மறி வளர்க்கிறார்கள்.

இரண்டு இரத்தமும் கலப்பதில்லை, நஞ்சுக்கொடி நடுவில் தடுப்பாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். ஆனால் தாயின் ஐஜிஜி என்ற எதிர்ப்பொருள் (அந்நியப் பொருளைப் பிடிக்க உடம்பு செய்யும் புரதம், அதாவது ஆன்டிபாடி) நஞ்சுக்கொடி வழியாகச் சேய்க்குப் போகிறது என்றும் நாமேதான் சொல்லிக்கொடுக்கிறோம். பாதுகாக்கும் எதிர்ப்பொருள் போகிற வழியில் தாக்கும் எதிர்ப்பொருளும் போகாதா? அப்புறம், செம்மறியின் நஞ்சுக்கொடித் திசுவிலேயே ஆன்டிபாடி இருப்பதாகப் படித்தேன். அது அங்கே என்ன செய்கிறது? தெரிந்தவர்கள் விரிவாகவே எழுதுங்கள். அந்தப் பெண்ணுக்கு அரைகுறையாகப் பதில் சொல்ல மனம் வரவில்லை.

நுண்ணோக்கி:
டீச்சர், உங்கள் மாணவியின் கேள்வியை 1953-இல் பீட்டர் மெடவார் கேட்டார். தோல் ஒட்டுகள் ஏன் தள்ளப்படுகின்றன என்று ஆராய்ந்து, 1960-இல் பர்னெட்டுடன் நோபல் பரிசு பெற்றவர். அவர் மூன்று சாத்தியங்களை முன்வைத்தார். தாயும் சேயும் உடலமைப்பாலேயே பிரிக்கப்பட்டிருக்கலாம். சேயின் திசு முதிராததால் தாய்க்கு அது அந்நியமாகத் தெரியாமல் இருக்கலாம். அல்லது சினைக்காலத்தில் தாயின் எதிர்ப்பே மந்தமாகிவிடலாம்.

இரண்டாவது நிற்கவில்லை. கருவின் திசுவை எடுத்து வேறொரு விலங்கின் உடம்பில் ஒட்டினால் தள்ளப்படுகிறது. மூன்றாவதும் அந்த வடிவத்தில் நிற்கவில்லை. சினையான விலங்கு தடுப்பூசிக்கு நன்றாகவே எதிர்ப்பொருள் உண்டாக்குகிறது, அந்நியத் தோலையும் தள்ளிவிடுகிறது. முதலாவதில்தான் செம்மறி சுவாரசியமானது.

மனிதரையும் செம்மறியையும் முதலில் பிரித்துக்கொள்ளுங்கள். மனித நஞ்சுக்கொடியில் தாயின் இரத்தம் சேயின் வெளிப்படலச் செல்களை, அதாவது ட்ரோஃபோபிளாஸ்டை, நேராகவே தொடுகிறது. அந்தச் செல்களில் உள்ள எஃப்சிஆர்என் என்ற ஏற்பி ஐஜிஜியைப் பிடித்து மறுபக்கம் கொண்டுபோய் விடுகிறது. பிறக்கும்போது குழந்தையின் இரத்தத்தில் தாயைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே ஐஜிஜி இருப்பதுண்டு.

செம்மறியின் கருப்பை உட்சுவரில் எண்பது, தொண்ணூறு குமிழ்கள் இருக்கும். காரங்கிள் என்பார்கள். கருவின் உறை அந்தக் குமிழ்கள் இருக்கும் இடத்தில்தான் தடித்து, கிளைகளாகப் பிரிந்து அவற்றுக்குள் இறங்குகிறது. தாயின் பங்கும் கருவின் பங்கும் சேர்ந்த அந்த ஒவ்வொரு கட்டும் ஒரு பிளாசென்டோம். இங்கே தாயின் இரத்தக் குழாய் உடைந்து திறப்பதில்லை. குழாயின் சுவர், இணைப்புத்திசு, கருப்பையின் மேல்படலம், பிறகு கருவின் படலம் என்று எல்லாம் இடையில் இருக்கின்றன. ஐஜிஜியை ஏந்திக் கடத்தும் ஏற்பாடும் இந்த வழியில் இல்லை. அதனால் குட்டி ஏறக்குறைய எதிர்ப்பொருளே இல்லாத இரத்தத்தோடு பிறக்கிறது. நீங்கள் சொன்ன முரண்பாடு மனிதரில் இருக்கிறது, ஆட்டில் இல்லை.

கொட்டில்:
நான் மேச்சேரி இனச் செம்மறி வளர்க்கிறேன். பிறந்தவுடன் சீம்பால் குடிக்காத குட்டி தேறாது என்று எங்கள் அப்பா சொல்வார். காரணம் இதுதானா? இரண்டு குட்டி போட்டு ஒன்றுக்குத் தாய் பால் விடாவிட்டால் மாட்டுச் சீம்பால் கொடுக்கலாமா டாக்டர்? எங்கள் பக்கத்தில் சிலர் கொடுக்கிறார்கள், சிலர் கூடாது என்கிறார்கள்.

மேய்ச்சல்_மருத்துவர்:
காரணம் அதுவேதான். சினையின் கடைசி வாரங்களில் தாயின் இரத்தத்திலுள்ள ஐஜிஜி, குறிப்பாக ஐஜிஜி1, மடிக்குப் போய்ச் சேர்கிறது. ஈனும் சமயத்தில் தாயின் இரத்தத்தில் அதன் அளவு இறங்கிவிடும், அவ்வளவு கடத்துகிறது. குட்டியின் குடல் பிறந்த முதல் சில மணி நேரம் மட்டும் அந்தப் பெரிய புரதத்தைச் செரிக்காமல் முழுசாக உள்ளே விடும். முதல் ஆறு மணி நேரம் மிக நல்லது. ஒரு நாள் கழிந்தால் ஏறக்குறைய மூடிவிடும். அதற்குப் பிறகு கொடுக்கிற சீம்பால் வயிற்றுக்கு நல்லதுதான், இரத்தத்துக்குப் போகாது.

அளவு சொல்கிறேன், எழுதிவைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு மணி நேரத்துக்குள் ஒரு கிலோ எடைக்கு 50 மில்லி, முதல் நாள் முழுவதும் சேர்த்து ஒரு கிலோவுக்கு 200 மில்லி. இரண்டரைக் கிலோ குட்டி என்றால் முதல் வேளை 125 மில்லி, அன்றைக்கு மொத்தம் அரை லிட்டர்.

துள்ளுமாரி என்ற குடல்நச்சு நோய்க்கான தடுப்பூசியைச் சினை ஆட்டுக்கு ஈனுவதற்கு மூன்று, நான்கு வாரம் முன்பு போடச் சொல்வதும் இதற்காகத்தான். ஊசியில் உண்டாகும் எதிர்ப்பொருள் கருப்பை வழியாகப் போகாது, மடி வழியாகத்தான் குட்டிக்குப் போகும்.

மாட்டுச் சீம்பால்: வேறு வழியே இல்லை என்றால் கொடுக்கலாம், ஆனால் ஒரே மாட்டுடையதைக் கொடுக்காதீர்கள். சில மாடுகளின் சீம்பாலில் செம்மறிக் குட்டியின் சிவப்பணுக்கள்மேல் ஒட்டிக்கொள்ளும் எதிர்ப்பொருள் இருக்கும். குட்டி ஒன்று, இரண்டு வாரம் நன்றாகத் துள்ளிக்கொண்டிருந்து பிறகு ஈறும் கண் உள்ளிமையும் வெளுத்து, சோர்ந்து படுத்துவிடும். பல மாடுகளின் சீம்பாலைக் கலந்து கொடுத்தால் அந்த ஆபத்து குறையும். முதல் தேர்வு எப்போதும் இன்னொரு செம்மறியின் சீம்பால்தான்.

இரண்டாம்_பேறு:
எனக்கு ஆர்எச் நெகட்டிவ். முதல் பிரசவம் முடிந்ததும் ஆன்டி-டி ஊசி போட்டார்கள். அந்தப் பிரச்சினை ஆட்டுக்கு வருமா?

நுண்ணோக்கி:
வயிற்றுக்குள் இருக்கும்போது வராது. உங்களுக்கு ஊசி போட்டது, முதல் குழந்தையின் ஆர்எச் பாசிட்டிவ் அணுக்களை உங்கள் உடம்பு கற்றுக்கொண்டு எதிர்ப்பொருள் உண்டாக்காமல் இருக்க. உண்டாகிவிட்டால், மனித நஞ்சுக்கொடி ஐஜிஜியைக் கடத்துவதால் அடுத்த குழந்தையின் சிவப்பணுக்களை அது உடைக்கும். 1968-இல் அந்த ஊசி புழக்கத்துக்கு வந்த பிறகு எத்தனையோ குழந்தைகள் பிழைத்திருக்கின்றன. குதிரையில் நஞ்சுக்கொடி கடத்தாது, ஆனால் சீம்பாலில் அதே வகை எதிர்ப்பொருள் வரும். வயிற்றில் நன்றாக இருந்த குட்டி பால் குடித்த பிறகு மஞ்சள் காமாலையில் விழும்.

நேர்கேள்வி:
அப்படியானால் செம்மறியில் விஷயம் முடிந்துவிட்டது அல்லவா? நடுவில் படலங்கள் இருக்கின்றன, ஆன்டிபாடி போகவில்லை, அதனால் தாக்குதல் இல்லை. நோயெதிர்ப்புச் சகிப்பு என்று தனியாக ஒன்று எதற்கு வேண்டும்? மெடவாரின் முதல் விடையே போதுமே.

நுண்ணோக்கி:
போதாது. எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த பகுதி இங்கேதான் தொடங்குகிறது, கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

அந்த எல்லையைக் கருவே தாண்டி வருகிறது. செம்மறியின் ட்ரோஃபோபிளாஸ்டில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு செல்களுக்கு இரண்டு உட்கருக்கள் இருக்கும். சினையின் மூன்றாம் வாரத்திலிருந்தே இவை இடம்பெயர்ந்து தாயின் கருப்பைப் படலச் செல்களோடு ஒன்றாகக் கலந்துவிடுகின்றன. தாயுடையதும் கருவுடையதுமான உட்கருக்கள் ஒரே செல்லுக்குள் இருக்கும். நஞ்சுக்கொடி லாக்டோஜென் என்ற ஹார்மோனையும், பேக் என்று சுருக்கிச் சொல்லும் சினைப் புரதங்களையும் இந்தச் செல்கள் தாய்ப்பக்கத்தில் கொட்டுகின்றன. ஆட்டின் இரத்தத்தை எடுத்துச் சினையா இல்லையா என்று பார்க்கும் சோதனை ஒன்று இந்தப் புரதங்களைத்தான் தேடுகிறது. கருவின் செல் தாயின் திசுவில் கலந்து, அதன் புரதம் தாயின் இரத்தத்தில் ஓடுகிறது. பிரிந்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்ல முடியும்?

தாய்க்கு அது தெரிகிறது என்பதற்கும் சான்று உண்டு. பல முறை ஈன்ற ஆடு, மாடுகளின் இரத்தநீரில் கிடாவின், காளையின் வெள்ளணுக்களுக்கு எதிரான எதிர்ப்பொருள் இருப்பதுண்டு. திசு வகை பிரிக்கும் ஆய்வகங்கள் பல ஆண்டுகள் அந்த இரத்தநீரையே கருவியாகப் பயன்படுத்தின. பல குழந்தை பெற்ற பெண்களிடமும் இதே வகை எதிர்ப்பொருள் இருப்பதை 1958-இல் நெதர்லாந்தில் வான் ரூடும் அமெரிக்காவில் ரோஸ் பெய்னும் காட்டினார்கள். தாய் பார்க்கிறாள், எதிர்ப்பொருளும் செய்கிறாள், இருந்தும் சினை நிற்கிறது.

அப்புறம் செம்மறி-வெள்ளாட்டுக் கலப்பு. வெள்ளாட்டுக்கு 60 குரோமோசோம், செம்மறிக்கு 54. பெட்டை வெள்ளாட்டைச் செம்மறிக் கிடாவோடு சேர்த்தால் 57 குரோமோசோம் உள்ள கரு உண்டாகும், வளரத் தொடங்கும், பெரும்பாலும் இரண்டு மாதத்துக்குள் இறந்துவிடும். அந்த வெள்ளாட்டின் இரத்தத்தைப் பார்த்தால் செம்மறிச் சிவப்பணுக்களை உடைக்கும் எதிர்ப்பொருள் ஏறியிருக்கும். எதிர்ப்பொருள்தான் கருவைக் கொன்றது என்று இதை மட்டும் வைத்துச் சொல்ல எனக்குத் துணிவில்லை. அந்தக் கலப்பு நஞ்சுக்கொடியின் அமைப்பே சரியாக உருவாவதில்லை, இரட்டை உட்கரு செல்களின் வேலையும் கெட்டுப்போகிறது. கரு நலிந்து திசு சிதைந்ததால் எதிர்ப்பொருள் ஏறியிருக்கவும் கூடும்.

இதை இன்னும் தெளிவாகக் காட்டியது 1984-இல் வந்த வேலை. இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜிலும் ஜெர்மனியிலும் இரண்டு குழுக்கள் செம்மறிக் கருவின் செல்களையும் வெள்ளாட்டுக் கருவின் செல்களையும் மிக ஆரம்ப நிலையிலேயே ஒன்றாகச் சேர்த்தன. பிறந்த விலங்கின் உடம்பில் ஒரு பகுதி கம்பளி, ஒரு பகுதி மயிர். அதே வழியில், உள்ளே வளரப்போகும் செல்கள் வெள்ளாட்டுடையவையாகவும் வெளிப்படலம் செம்மறியுடையதாகவும் அமைத்தால், செம்மறியின் வயிற்றில் வெள்ளாட்டுக் குட்டி நிறைமாதம் வரை வளர்கிறது. வெறும் வெள்ளாட்டுக் கருவை அங்கே வைத்தால் தங்குவதில்லை. உள்ளே யார் இருக்கிறார்கள் என்பது தாய்க்கு இரண்டாம்பட்சம். தாயைத் தொடும் அந்த ஒரு அடுக்குச் செல்கள் யாருடையவை என்பதுதான் சினையைத் தீர்மானிக்கிறது. எல்லாவற்றுக்கும் நடுவிலுள்ள படலங்களின் தடிப்பே காரணம் என்றால் இந்த வேறுபாடு வரக் காரணமே இல்லை.

நேர்கேள்வி:
கலப்புக் குட்டி விஷயம் புதிது, நன்றி. படலங்கள் மட்டும் போதாது என்பதை ஏற்கிறேன். ஆனால் "தாய்க்குத் தெரிந்தும் தாக்கவில்லை" என்பதற்கு எதிர்ப்பொருள் உண்மையிலேயே ஆபத்தானது என்று காட்ட வேண்டும். ஆபத்தே இல்லாத எதிர்ப்பொருளை ஒன்றும் செய்யாமல் விட்டதில் வியக்க என்ன இருக்கிறது?

மேய்ச்சல்_மருத்துவர்:
ஆபத்தானதுதான், மாடுகளில் கண்ணெதிரே பார்த்தாகிவிட்டது. 2007 முதல் ஜெர்மனியிலும் பிறகு மற்ற ஐரோப்பிய நாடுகளிலும் கன்றுகள் இரண்டு, மூன்று வார வயதில் தோலிலிருந்து இரத்தம் கசிந்து செத்தன. எலும்பு மஜ்ஜை அழிந்திருந்தது. தேடிப் பார்த்தபோது தாய்களுக்குப் போட்ட ஒரு வைரஸ் தடுப்பூசியில் வந்து நின்றது. அந்த வைரஸை மாட்டுச் சிறுநீரகச் செல்களில் வளர்த்திருந்தார்கள். செல்களின் எம்எச்சி புரதமும், அதாவது இது யாருடைய திசு என்று காட்டும் அடையாளப் புரதமும், ஊசியோடு போயிருக்கிறது, தாய் அதற்கு எதிர்ப்பொருள் செய்திருக்கிறது. 2010-இல் மருந்தைச் சந்தையிலிருந்து எடுத்தார்கள்.

இங்கே கவனிக்க வேண்டியது, அந்தக் கன்றுகள் ஒன்பது மாதம் அதே தாயின் வயிற்றில் எந்தக் குறையும் இல்லாமல் வளர்ந்தவை. சீம்பால் குடித்த பிறகுதான் நோய் வந்தது. கருப்பைக்குள் அந்த எதிர்ப்பொருள் கன்றின் இரத்தத்தை எட்டவில்லை என்பதற்கு இதைவிடக் கொடூரமான சான்று இருக்க முடியாது.

கரும்பலகை:
படிக்கவே கலக்கமாக இருக்கிறது. ஆனால் இப்போது ஒன்று புரிகிறது: எதிர்ப்பொருள் உண்டாவது வேறு, அது எட்டுவது வேறு. சரி, நஞ்சுக்கொடித் திசுவில் கண்ட ஆன்டிபாடி பற்றி யாரும் இன்னும் சொல்லவில்லையே?

நுண்ணோக்கி:
நீங்கள் படித்தது எந்த ஆன்டிபாடி என்று பார்க்க வேண்டும் டீச்சர். ஆய்வுக் கட்டுரைகளில் பல வகையாக வரும்.

ஆய்வாளர் வெளியிலிருந்து சேர்ப்பது ஒன்று. மெல்பர்னில் 1980-களில் எஸ்பியு-3 என்ற ஒற்றைவகை எதிர்ப்பொருளை உருவாக்கினார்கள். அது செம்மறியின் இரட்டை உட்கரு செல்களில் போய் ஒட்டும். மேலே சொன்ன இடம்பெயர்வை மின் நுண்ணோக்கியில் தொடர முடிந்ததற்கு அது பெரிய உதவி. இந்த ஆன்டிபாடி சாயம் ஏற்றும் கருவி, ஆட்டுடையது அல்ல.

தாயின் இரத்தத்தோடு அங்கே இருப்பது இன்னொன்று. காரங்கிள் நிறைய இரத்தக் குழாய், திசுவை அரைத்துப் பார்த்தால் ஐஜிஜி கிடைக்காமல் இருக்காது. செம்மறியின் பிளாசென்டோமின் குழிந்த நடுப்பகுதியில் தாயின் இரத்தம் கொஞ்சம் வெளியே கசிந்து தேங்குகிறது. கருவின் ட்ரோஃபோபிளாஸ்ட் அந்தச் சிவப்பணுக்களை அப்படியே விழுங்கிச் செரிக்கிறது. குட்டிக்கு இரும்புச் சத்து போகும் வழி அது. அந்த இரத்தத்தில் எதிர்ப்பொருளும் இருக்கத்தான் செய்யும், அப்படியும் குட்டியின் இரத்தத்தில் அது சேர்வதில்லை.

மூன்றாவது வகைதான் விவாதத்துக்குரியது. அர்ஜென்டினாவில் ரிக்கார்டோ மார்க்னி பல ஆண்டுகள் ஆராய்ந்த சமச்சீரற்ற எதிர்ப்பொருள். சாதாரண ஐஜிஜிக்கு ஆன்டிஜெனை, அதாவது அது குறிவைக்கும் அந்நியப் பொருளை, பிடிக்க இரண்டு கை உண்டு, இரண்டும் ஒரே மாதிரி. சில ஐஜிஜியில் ஒரு கையில் மட்டும் மேனோஸ் என்ற சர்க்கரை மிகுந்த சங்கிலி ஒட்டியிருக்கும், அந்தக் கை சரியாகப் பிடிக்காது. ஒற்றைக் கையால் பிடித்தால் ஆன்டிஜென்களை வலையாகக் கோக்க முடியாது. செல்லைத் துளைத்து அழிக்கும் காம்ப்ளிமென்ட் புரதங்களைத் தூண்டாது, விழுங்கும் செல்களையும் அழைக்காது. ஆனால் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். தாக்கக்கூடிய எதிர்ப்பொருள் வந்து ஒட்ட இடம் இருக்காது. இவ்வகை சினைக்காலத்தில் கூடுவதாகவும் நஞ்சுக்கொடியில் ஒட்டியிருப்பதாகவும் அந்தக் குழு எழுதியது. ஹங்கேரியின் யூலியா செகெரெஷ்-பார்தோ கண்டறிந்த, சினையைத் தாங்கும் ஹார்மோனான புரோஜெஸ்ட்ரோன் தூண்டும் தடுப்புக் காரணி இந்த வகையைக் கூட்டுகிறது என்றும் சொல்கிறார்கள். அப்படியானால் தாய் செய்யும் எதிர்ப்பொருளே கருவுக்குக் கேடயமாகிறது.

நேர்கேள்வி:
அழகான கருத்து. ஆனால் எதிர்ப்பொருள்தான் கருவைக் காப்பாற்றுகிறது என்றால், எதிர்ப்பொருள் செய்ய முடியாத தாய்க்குக் கரு தங்கக் கூடாது. ஜான் ராட்ஜர் 1985-இல் எலிகளில் எதிர்ப்பொருள் செய்யும் பி செல்களை முடக்கிவிட்டு, அந்நிய ஆணோடு சேர்த்துப் பார்த்தார். சினை பிடித்தது, குட்டி போட்டன. பிறவியிலேயே காமா குளோபுலின், அதாவது இரத்தத்து எதிர்ப்பொருள், இல்லாத பெண்களும் குழந்தை பெறுகிறார்கள்.

நுண்ணோக்கி:
அந்தச் சோதனை வலுவானது, அதைத் தள்ளிவிட முடியாது. அவசியமானது என்ற நிலையிலிருந்து எதிர்ப்பொருளை அது இறக்கிவிடுகிறது. ஆனால் எதிர்ப்பொருளே இல்லாத தாய்க்குத் தாக்கும் எதிர்ப்பொருளும் இல்லை, கேடயத்துக்கு வேலையே இல்லை. இரண்டும் உள்ள சாதாரணத் தாயில் சமநிலை எப்படி நிற்கிறது என்பதற்கு ராட்ஜரின் எலிகள் பதில் சொல்லாது. எலியின் நஞ்சுக்கொடியும் மனிதருடையதைப் போலத் தாயின் இரத்தத்தில் நனைவது, செம்மறிக்கு அதை அப்படியே பொருத்தவும் கூடாது. என் கணிப்பைக் கேட்டால், செம்மறியில் எதிர்ப்பொருள் ஓரத்தில் நிற்கும் ஆள். முக்கிய வேலையைப் புரோஜெஸ்ட்ரோனும், அந்நியச் செல்லை அடையாளம் காணும் வெள்ளணுக்களான டி செல்களும்தான் செய்கின்றன.

புளோரிடாவில் பீட்டர் ஹான்சன் குழு செய்தது செம்மறியிலேயே செய்த சோதனை. வேறொரு ஆட்டின் தோலைச் செம்மறியின் கருப்பைக்குள் ஒட்டினார்கள். சும்மா இருந்த ஆட்டில் கருப்பை அதைத் தள்ளியது. நீண்ட நாள் புரோஜெஸ்ட்ரோன் கொடுத்த ஆட்டில் தோல் தங்கியது. அந்த ஹார்மோனின் தூண்டுதலில் கருப்பைச் சுரப்பிகள் நிறையச் சுரக்கும் ஒரு புரதம், கருப்பை செர்பின், லிம்ஃபோசைட்டுகள் (பி, டி செல்கள் அடங்கிய வெள்ளணுக்கள்) பெருகுவதைத் தடுக்கிறது. கரு எதுவும் இல்லாமலே, ஹார்மோனால் மட்டும் கருப்பை சகிப்புக்குத் தயாராகிறது. அது கருப்பைக்குள் மட்டும்தான், உடம்பு முழுக்க அல்ல.

கருவும் தன் பங்குக்கு ஆரம்பத்திலேயே பேசத் தொடங்கிவிடுகிறது. இரண்டாம் வாரத்தில் அதன் ட்ரோஃபோபிளாஸ்ட் இன்டர்ஃபெரான் டௌ என்ற புரதத்தை வெள்ளமாகச் சுரக்கும். அது சினைப்பையில் புரோஜெஸ்ட்ரோன் சுரக்கும் கார்பஸ் லூட்டியம் கரையாமல் காத்து, புரோஜெஸ்ட்ரோன் நிற்காமல் பார்த்துக்கொள்கிறது. 1987 வரை அதை ஏதோ ஒரு கருப்புரதம் என்றுதான் நினைத்திருந்தார்கள். வரிசையைப் படித்தபோது வைரஸ் எதிர்ப்புக்குப் பேர்போன இன்டர்ஃபெரான் குடும்பத்தில் ஒன்று என்று தெரிந்தது.

இன்னும் இரண்டு சொல்ல வேண்டும். பிளாசென்டோம் பகுதி ட்ரோஃபோபிளாஸ்ட் தன்மேல் எம்எச்சி முதல் வகைப் புரதத்தைக் காட்டுவதில்லை. தாயின் டி செல்கள் அந்நியரை அடையாளம் காண்பது அதை வைத்துத்தான். அதே இடத்தில் தாயின் லிம்ஃபோசைட்டுகளும் சினைக்காலத்தில் ஏறக்குறைய காணாமல் போகின்றன. பிளாசென்டோம்களுக்கு இடைப்பட்ட கருப்பைச் சுவரிலோ காமா-டெல்டா என்ற தனி வகை டி செல்கள் சினை முற்ற முற்றப் பெருகுகின்றன. ஒரே கருப்பையில் கையளவு தள்ளி இரண்டு வேறு நிலைமை.

மேய்ச்சல்_மருத்துவர்:
அந்தச் செல்கள் கடைசியில் ஏன் கூடுகின்றன என்பதற்கு மாட்டு அனுபவம் ஒரு கோணம் தரும். நஞ்சுக்கொடி விழாமல் தங்குவது மாட்டில் பெரிய தொல்லை. 1991-இல் நெதர்லாந்தில் யோஸ்டென் குழு பார்த்தபோது, தாயும் கன்றும் எம்எச்சி முதல் வகையில் ஒத்திருந்த மாடுகளில் நஞ்சு அதிகம் தங்கியது. தாய்க்குக் கன்று அந்நியமாகத் தெரிந்தால் ஈனும் நேரத்தில் நோயெதிர்ப்புச் செல்கள் வந்து நஞ்சின் பிடிப்பை இளக்கிவிடுகின்றன என்பது விளக்கம். சகிப்பு சரியான நாளில் முடிய வேண்டும். முடியாவிட்டால் நாம் கையுறை போட்டுக்கொண்டு நிற்க வேண்டியதுதான்.

கொட்டில்:
டாக்டர், போன பருவத்தில் எனக்குச் சில ஆடுகள் நாலாம் மாதத்தில் குட்டி வீசின. தாயின் இரத்தம் மட்டும் போதாது, வீசிய குட்டியையும் நஞ்சையும் கொண்டுவாருங்கள் என்றார்கள். ஆன்டிபாடி பார்க்கத் தாயின் இரத்தம் போதாதா?

மேய்ச்சல்_மருத்துவர்:
இந்த இழையில் பேசிய எல்லாமே உங்கள் கேள்வியில் வந்து சேர்கிறது. தாயின் இரத்தத்தில், குட்டி வீசவைக்கும் டாக்ஸோபிளாஸ்மா என்ற ஒட்டுண்ணிக் கிருமிக்கு எதிர்ப்பொருள் இருந்தால், அந்த ஆடு வாழ்நாளில் என்றைக்கோ அந்தக் கிருமியைச் சந்தித்தது என்றுதான் அர்த்தம். வீசியதற்கு அது காரணம் என்று ஆகாது. ஆனால் பால் குடிக்காத குட்டியின் மார்புக்கூட்டு நீரில் அதே எதிர்ப்பொருள் இருந்தால் அது தாயுடையதாக இருக்க வாய்ப்பில்லை, நஞ்சுக்கொடி விடாது. குட்டி தானே செய்தது, அப்படியென்றால் கிருமி குட்டியை எட்டியிருக்கிறது. மனிதக் குழந்தையில் இந்தச் சோதனையை இவ்வளவு எளிதாகப் படிக்க முடியாது, தாயின் ஐஜிஜி கலந்திருக்கும்.

ஒரு எச்சரிக்கை: மிகச் சின்னக் கருவால் எதிர்ப்பொருள் செய்ய முடியாது, அதனால் இல்லை என்று வந்தால் நோய் இல்லை என்று பொருளல்ல. 1960-களில் சில்வர்ஸ்டைன் குழு வயிற்றுக்குள்ளேயே செம்மறிக் கருவுக்குத் தோல் ஒட்டிப் பார்த்தது. 77-ஆம் நாள் வாக்கில்தான் கரு அந்நியத் தோலைத் தள்ளும் திறனைப் பெறுகிறது. இங்கிலாந்து-வேல்ஸ் எல்லையில் 1959-இல் விவரிக்கப்பட்ட பார்டர் நோய் இந்த இடைவெளியில்தான் நுழைகிறது. அந்த வைரஸ் முதல் இரண்டு மாதத்துக்குள் கருவை எட்டினால், கரு அதைத் தன் உடம்பின் பகுதி என்றே எடுத்துக்கொள்ளும். பிழைத்துப் பிறக்கும் குட்டி நடுக்கத்தோடும் முரட்டு மயிரோடும் பிறந்து, எதிர்ப்பொருளே செய்யாமல் வாழ்நாள் முழுக்க வைரஸைக் கொட்டிக்கொண்டிருக்கும். மந்தைக்கே அதுதான் ஊற்றுக்கண்.

அடுத்தது குட்டி வீசவைக்கும் கிளமிடியா அபார்டஸ் என்ற பாக்டீரியா. அது ஆட்டின் உடம்பில் சத்தமில்லாமல் ஒளிந்திருந்து, சினையின் 90-ஆம் நாளுக்குப் பிறகு நஞ்சுக்கொடியில் பெருகத் தொடங்கும். கடைசி இரண்டு, மூன்று வாரத்தில் குட்டி விழும். மற்ற நேரத்தில் அதை அடக்கிவைப்பது நோயெதிர்ப்புச் செல்கள் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா. ஒரு முறை வீசிய ஆடு பெரும்பாலும் மறுமுறை வீசாது, ஆனால் கிருமியை வைத்திருக்கலாம்.

இதை மிகவும் வலியுறுத்திச் சொல்கிறேன்: வீட்டில் கர்ப்பிணிப் பெண்கள் இருந்தால் குட்டி வீசிய ஆட்டையோ நஞ்சையோ, அந்த ஈரம் பட்ட துணியையோ தொடக் கூடாது. கிளமிடியா அபார்டஸ் மனிதக் கருவையும் கலைக்கும், தாயின் உயிருக்கும் ஆபத்து. மற்றவர்களும் கையுறை இல்லாமல் தொடாதீர்கள். நஞ்சை நாய்க்குப் போடாமல் ஆழப் புதையுங்கள். ஆய்வகத்துக்குக் கொண்டுபோவதை இரட்டைப் பையில் கட்டி, ஐஸ் வைத்து எடுத்துப்போங்கள்.

கரும்பலகை:
மாணவியின் வீட்டிலும் இதைச் சொல்லச் சொல்கிறேன் டாக்டர். அவள் அக்கா இப்போது முழுகாமல் இருக்கிறாள், ஆட்டு வேலையும் அவள்தான் பார்க்கிறாள்.

மேய்ச்சல்_மருத்துவர்:
இன்றைக்கே சொல்லுங்கள். ஈனும் காலம் முடியும்வரை கொட்டகை வேலையை வேறு யாராவது பார்க்கட்டும். காய்ச்சல் வந்தால் ஆடு வளர்க்கிற வீடு என்பதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லட்டும்.

கொட்டில்:
இன்னும் ஒன்றே ஒன்று. பல முறை ஈன்ற ஆட்டில் கிடாவுக்கு எதிரான ஆன்டிபாடி இருக்கும் என்று மேலே எழுதினீர்கள். ஒரே கிடாவை வருஷக்கணக்கில் சேர்த்தால் ஆடு சினை பிடிக்காமல் போகுமா? கிடாவை மாற்றச் சொல்வது அதனால்தானா?

நுண்ணோக்கி:
அண்ணா, அந்தக் கவலை வேண்டாம். அந்த எதிர்ப்பொருள் குட்டியின் இரத்தத்தை எட்டாது. பிளாசென்டோமில் தாயைத் தொடும் செல்களும் அந்த எதிர்ப்பொருள் தேடும் புரதத்தை வெளியே காட்டுவதில்லை. ஒரே கிடாவுக்கு வரிசையாக ஐந்தாறு ஈற்று ஈனும் ஆடுகள் எல்லா மந்தையிலும் இருக்கின்றன.

மேய்ச்சல்_மருத்துவர்:
கிடாவை மாற்றச் சொல்வது வேறு காரணத்துக்காக. இரண்டு வருஷத்தில் அந்தக் கிடாவின் மகள்களே பருவத்துக்கு வந்துவிடும். அப்பனும் மகளும் சேர்ந்தால் குட்டிகள் எடை குறைந்து, வலுவில்லாமல் பிறக்கும். உறவில்லாத வேறு மந்தையிலிருந்து கிடா வாங்குங்கள். வாங்கியதும் நேராக மந்தையில் விடாமல் சில வாரம் தனியே கட்டிவையுங்கள். வாங்கும்போது அங்கே ஆடுகள் குட்டி வீசியதுண்டா என்று கேட்டுவிட்டு வாங்குங்கள்.